அந்தப் படத்தில் சிவப்புத் தொப்பி இல்லை: தேவதைக் கதை ஓவியங்களிலிருந்து சிறுகதை எழுதுவோர் செய்யும் தவறுகள்

கதை எழுதப் பழகும் நண்பர்கள் சிலரிடம் ஒருநாள் ஒரு படத்தைக் கொடுத்தேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோவின் ‘சிவப்புத் தொப்பிச் சிறுமி’ கதைக்காக குஸ்தாவ் டோரே என்ற ஓவியர் 1862-இல் வரைந்தது. கட்டிலில் ஒரு சிறுமி. பக்கத்தில், பாட்டியை விழுங்கிவிட்டு அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் ஓநாய். ஐந்து நிமிடம் பார்க்கலாம், பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பக்கக் கதை எழுத வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

வந்த கதைகளில் முக்கால்வாசியில் சிறுமி சிவப்புத் தொப்பி அணிந்திருந்தாள். ஒருவர் அந்தச் சிவப்பைக் குங்குமத்தோடும் ரத்தத்தோடும் ஒப்பிட்டு ஒரு பத்தியே எழுதியிருந்தார். படத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். அது மரச்செதுக்கில் அச்சான கறுப்பு வெள்ளைப் படம். சிறுமியின் தலையில் எதுவும் இல்லை, முடி அவிழ்ந்து கிடக்கிறது. தொப்பி ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஓநாயின் தலையில்.

இந்த வகைக் கதைகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. கதை நமக்கு முன்பே தெரியும். அதனால் கண் ஓய்வெடுத்துக்கொள்கிறது, ஞாபகம் எழுதுகிறது.

பார்த்ததை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுவது

அதே படத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். சிறுமி போர்வையை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அகல விரிந்த கண்கள் ஓநாயை ஓரமாகப் பார்க்கின்றன. கத்தவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. அது பயமா? திகைப்பா? ‘இது பாட்டி இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் என்ன ஆகும்’ என்ற கணக்கா? மூன்றுக்கும் இடம் கொடுக்கிற முகம் அது. உங்கள் சிறுகதை அந்த முகத்தில்தான் இருக்கிறது. ‘பயந்துபோன சிறுமி’ என்று எழுதிய கணத்தில் அதற்குக் கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

ஓவியர் எந்தக் கதைக்கு வரைந்தார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுப்பது ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட 1812 தொகுப்பில். டோரே வரைந்தது பெரோவுக்கு. ஆக, இந்த அறையை நோக்கி யாரும் துப்பாக்கியோடு நடந்து வந்துகொண்டிருக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தைத் திரும்பப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு வகை ஞாபகம் சினிமாவிலிருந்து வருவது. ஸ்னோ ஒயிட்டின் ஏழு குள்ளர்களுக்கு கிரிம் கதையில் பெயரே கிடையாது. நாம் அறிந்த பெயர்கள் 1937-இல் வந்த டிஸ்னி படத்தினுடையவை. கொடுமைக்காரச் சித்தியும் முதலிலேயே இருந்தவளில்லை. 1812 பதிப்பில் அந்த ராணி பெற்ற தாய், 1819 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டே ஒரு நல்ல கதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றும். இதுவரை எழுதத் துணிந்ததில்லை.

படத்தையே வார்த்தையில் மறுபடி வரைவது

இது நான் செய்த தவறு. இவான் பிலிபின் என்ற ருஷ்ய ஓவியர் வசிலீசா கதைக்கு வரைந்த படங்களில் ஒன்று என் மேசை மேல் பல நாள் கிடந்தது. பாபா யாகா என்ற காட்டுக் கிழவியின் குடிசை, மண்டையோடுகள் செருகிய வேலி, அதன் முன்னால் கோலில் குத்திய ஒரு மண்டையோட்டை ஏந்தி வரும் வசிலீசா. மண்டையோட்டின் கண்குழிகளிலிருந்து வெளிச்சம் பாய்கிறது. நான் எழுதிய முதல் வரிகள் இவை:

‘அடர்ந்த கானகத்தின் நடுவே, மண்டையோடுகள் சூழ்ந்த வேலியின் முன்னால், ஒளிரும் கபாலத்தை ஏந்தியபடி அவள் நின்றாள். அவள் விழிகளில் இனம்புரியாத அச்சம்.’

படத்தைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பார்க்காதவருக்கு இது படத்தின் அடியில் போடும் குறிப்பு. கதை இன்னும் தொடங்கவே இல்லை. போதாததற்கு அந்த ‘இனம்புரியாத’ வேறு! எழுதுகிறவனுக்கு இனம் புரியாதபோது போட்டுக்கொள்ளும் சொல் அது.

பிறகு ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். இந்த வெளிச்சம் யாருக்காக? அஃபனாசியெவ் தொகுத்த ருஷ்யக் கதைப்படி, வீட்டில் விளக்கு அணைந்துபோனதால்தான் வசிலீசாவை நெருப்பு வாங்கிவரக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். அவள் போன பிறகு அந்த வீட்டில் எந்த நெருப்பும் நிலைப்பதில்லை. அவள் கொண்டுவரும் மண்டையோடு சித்தியையும் அவள் மகள்கள் இருவரையும் பார்த்தே எரித்துவிடுகிறது. அப்படியானால் படத்தில் இல்லாத ஒரு வீடு இருக்கிறது. அங்கே மூன்று பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘அன்றைக்கும் அடுப்பு பற்றவில்லை. சின்னவள் பக்கத்து வீட்டிலிருந்து கங்கு வாங்கி வந்தாள். வாசற்படி தாண்டியதும் அணைந்தது.

“இன்னொரு தடவை போ” என்றாள் அம்மா.

“அவங்க இப்பல்லாம் கதவத் திறக்கறதில்ல.”

பெரியவள் இருட்டில் பின்னல் ஊசியைத் தடவிக்கொண்டிருந்தாள். வசிலீசாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் மூவரும் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். அவளைப் பார்த்து அவர்கள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.’

பெரிய கதை என்று சொல்லமாட்டேன். ஆனால் படத்தை மூடிவைத்துவிட்டும் படிக்கலாம். நான் இப்போது வைத்துக்கொள்ளும் ஒரே சோதனை இதுதான். படம் இல்லாமல் நிற்காத கதையைக் கிழித்துப்போடுகிறேன்.

படம் இருக்கும் இடத்தில் உச்சத்தை வைப்பது

லெஸ்ஸிங் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1766-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓவியத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம், அதனால் உச்சத்தை வரையாமல் முன்னும் பின்னும் கற்பனைக்கு இடம் விடுகிற கணத்தை ஓவியர் எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அம்புலிமாமா படித்தவர்களுக்கு லெஸ்ஸிங் தேவையில்லை. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துக்கொண்டால் போதும். கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டு வழி. மாதா மாதம் அதே நடை. சண்டையும் இல்லை, தலை வெடிக்கவும் இல்லை. வேதாளம் வாயைத் திறப்பதற்குச் சற்று முந்திய நேரம்.

நல்ல ஓவியர் உங்களுக்காக அப்படி ஒரு இடத்தை விட்டுவைத்திருக்கும்போது, அந்தப் படத்தை நோக்கியே கதையை இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி வரியில் ‘அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள்’ என்று நிறுத்துவது வீண். படத்தின் கணத்தை முதல் வரிக்கு முன்னால் தள்ளிவிடுங்கள். அல்லது மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள்.

படம் வரைந்த முறையையும் கவனிக்கலாம். ஆர்தர் ராக்கம் என்ற ஆங்கில ஓவியர் 1919-இல் சிண்ட்ரெல்லா கதைக்கு வரைந்த நிழலுருவப் படங்களில் ஆட்களின் முகம் வெறும் கறுப்பு. அதைப் பார்த்துவிட்டு ‘நீலக் கண்கள் பனித்தன’ என்று எழுதுவானேன்? முகமே தெரியாமல், நடையையும் கையசைவையும் மட்டும் வைத்து ஒருத்தியைக் காட்ட முடியுமா என்று பாருங்கள். கடினம்தான்.

ஓநாய்க்குப் பதில் நரி

அந்நிய வாடை வரக்கூடாது என்று சிலர் கோட்டையை அரண்மனை ஆக்கி, ஓநாயை நரி ஆக்கி, ஓக் மரத்தை ஆலமரம் ஆக்கிவிடுகிறார்கள். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கும், கடை அதேதான். பனி பெய்கிற காட்டில் ஒரு குழந்தை நெருப்பு கேட்டுப் போகிறது என்பதில் குளிருக்கும் பங்கு உண்டு. அதைத் தேனிக்குக் கொண்டுவந்தால் அந்தக் குழந்தை நெருப்புக் கேட்டு ஏன் போக வேண்டும்? இடம் மாற்றுவது என்றால் காரணத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் (என்.சி.பி.எச்.) கடைகளில் விற்ற தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த மொழிபெயர்ப்புத் தமிழ் மேல் ஒரு பாசம். எனக்கும்தான். ஆனால் ‘ஓ, என் அருமைச் சிறு புறாவே’ என்ற குரலில் இன்று ஒரு கதை எழுதினால் அது பழைய புத்தக வாசனையோடு நின்றுவிடும்.

குரல் என்றதும் நம் கதைசொல்லலில் உள்ள ‘ஆம்’ விகுதியைச் சொல்ல வேண்டும். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்.’ அந்த ‘ஆம்’ ஒரு தூரத்தை உண்டாக்குகிறது. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்கிறது. கதை முழுக்க அந்தத் தூரத்தோடு போகலாம், அழகாகவே இருக்கும். முதல் பத்தியில் ‘இருந்தாளாம்’ என்று தொடங்கி, நான்காம் பத்தியில் அவள் உள்ளங்கை வியர்வைவரை சொல்ல ஆரம்பித்தால், பார்க்காத உங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று வாசகர் கேட்பார்.

குறியீடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காடு என்பது மனம், கண்ணாடி என்பது அகந்தை என்று விளக்கிவிட வேண்டாம். வசிலீசாவின் மண்டையோடு எரிப்பது நிஜமாகவே எரிப்பதால்தான் பயமாக இருக்கிறது. எல்லாம் கனவு, சிறுமிதான் ஓநாய், ஓநாய்தான் அப்பாவி போன்ற திருப்பங்களும் தேய்ந்துபோனவை. உங்களுக்கு முதலில் தோன்றிய திருப்பம் எல்லோருக்கும் முதலில் தோன்றியிருக்கும்.

கதையோடு படத்தையும் வெளியிடப் போகிறீர்களா? ஓவியர் இறந்த ஆண்டைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி அவர் இறந்து அறுபது ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. டோரே 1883-இலும், ராக்கம் 1939-இலும், பிலிபின் 1942-இலும் இறந்தார்கள், இங்கே சிக்கல் இல்லை. சங்கர் மறைந்தது 2020-இல்தான். படத்தால் தூண்டப்பட்டுக் கதை எழுத யாரையும் கேட்க வேண்டாம், ஆனால் அந்தப் படத்தைக் கதையோடு போடுவதற்கு உரியவரின் அனுமதி வேண்டும்.

அன்றைக்கு நண்பர்களை இரண்டாம் முறையும் எழுதச் சொன்னேன். இந்தத் தடவை படத்தைக் கவிழ்க்க வேண்டாம் என்றேன். சிறுமியின் தலையில் இல்லாத தொப்பி இப்போது எங்கே என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அவர் கதையில் மறுநாள் அம்மா தேடிக்கொண்டு போகிறாள். கதவு திறந்திருக்கிறது, கட்டில் காலி. நாற்காலியில் தொப்பி நான்காக மடித்து வைத்திருக்கிறது. அம்மா அதைக் கையில் எடுக்கிறாள். ‘இவ எதையும் மடிச்சு வெச்சதே இல்லையே’ என்கிறாள். அதோடு கதை நின்றுவிட்டது. ஓநாய் என்ற சொல்லே அதில் வரவில்லை.