ஊரின் மீன்பிடிக்குப் பணம் அனுப்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வாழும் நம்மில் பலருக்கு நாகை, இராமநாதபுரம், தஞ்சை வட்டாரக் கிராமங்களோடு இன்னும் உறவு இருக்கிறது. உறவினர் படகு வாங்கவும், குத்தகைக் குளத்தில் மீன்குஞ்சு விடவும் இங்கிருந்து பணம் அனுப்புவோர் உண்டு. நல்ல மனத்தோடு அனுப்பும் அந்தப் பணம் பெரும்பாலும் மீனைப் பிடிப்பதற்கே போய்விடுகிறது. பிடித்த மீன் என்ன ஆகிறது, யார் தட்டுக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை.

படகைக் கூட்டினால் வருமானம் கூடிவிடாது. 2004 சுனாமிக்குப் பிறகு உதவி அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளை வழங்கியதால், தமிழகக் கரையின் பல ஊர்களில் முன்பிருந்ததைவிடப் படகுகள் பெருகின. கடலில் மீன் பெருகவில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் அவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டியிருக்கும்போது, இன்னொரு வலை வாங்கித் தருவதைவிட அந்தக் கடனை அடைத்து ஓர் ஐஸ் பெட்டி வாங்கித் தருவதே மேல்.

கருவாடு போடும் பெண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் பெரிய பிழை. நெத்திலியை வெறும் மணலில் கொட்டிக் காயவைத்தால் மண் ஒட்டி, ஈ மொய்த்து, தீவன விலைக்குத்தான் போகும். அதே நெத்திலியை நன்றாகக் கழுவி, இடுப்புயரத்தில் மூங்கில் நட்டு வலை விரித்த பரணில் பரப்பினால், காற்று அடியிலும் புகுந்து சீராகக் காயும். சாப்பாட்டுக் கருவாட்டுக்குரிய விலையும் கிடைக்கும். இதற்கு ஆகும் செலவு, ஒரு படகின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

குளத்தில் மீன் வளர்க்கும்போது, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனக் குஞ்சுகளை விடுவதற்கு முன் சிறுமீன்களைக் 'களைமீன்' என்று மருந்திட்டுக் கொல்லும் பழக்கம் உண்டு. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. விரால் போல மற்ற மீனைத் தின்னும் இனங்களை அகற்றுவது சரியே. சிறுமீன் அனைத்தையும் ஒழிப்பது வீட்டுச் சத்துணவை ஒழிப்பதாகும். டிரினிடாடில் பிறந்த இந்திய வம்சாவளி அறிஞர் ஷகுந்தலா தில்ஸ்டெட், வங்கதேசக் குளங்களில் மோலா என்னும் சிறுமீனைக் கெண்டை இனங்களோடு சேர்த்தே வளர்க்கலாம் என்று காட்டினார். 2021ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. மோலாவின் வைட்டமின் ஏ பெரும்பாலும் கண்ணிலும் உள்ளுறுப்புகளிலும் இருப்பதால், அதை முழுதாகச் சமைத்துண்ண வேண்டும். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றோடு நாம் மென்று தின்னும் இக்கான் பிலிஸிலிருந்து (நெத்திலி) கால்சியம் கிடைப்பதும் அதை முள்ளோடு முழுதாகத் தின்பதால்தான். பெரிய மீன் சந்தைக்குப் போகட்டும். அவ்வப்போது அரித்தெடுக்கும் சிறுமீன் பிள்ளைகளின் சோற்றுக்கு இருக்கட்டும்.

அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விடுவதும் ஆபத்தானது. குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எல்லா மீனும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்; அது விடியற்காலையில்தான் மிகவும் குறையும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் உடனே தீவனத்தை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

குளத்தின் கரையைப் பலப்படுத்தப் பணம் கொடுக்குமுன், குத்தகை யார் பெயரில், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டுக் குத்தகையில் கரைக்குப் போட்ட பணத்தின் பலன், அடுத்த ஏலத்தில் குளத்தை எடுப்பவருக்கே போய்ச் சேரும்.