மூடிய யுரேனியச் சுரங்கத்தைச் சுற்றி எதை, எங்கே தேடுவது

போர் தண்ணீர் குடித்து வளர்ந்த தர்மபுரிக்காரர்களுக்குப் பல்லில் ஏறும் பழுப்புக் கறையை விளக்க வேண்டியதில்லை. கறைக்குக் காரணமான ஃபுளோரைடைப் பாறையிலிருந்து தண்ணீரில் இறக்கிவிடுவது பைகார்பனேட் உப்பு மிகுந்த நிலத்தடி நீர். அதே நீர் யுரேனியத்தையும் கரைத்துக்கொண்டு போகும். இங்கே யுரேனியச் சுரங்கம் இல்லை. ஆனாலும் மூடிய சுரங்கங்களைப் பற்றிப் புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளிடம் இந்தக் கறையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

முதலில், யுரேனியத்தை மட்டும் தேடாதீர்கள். தாதுவை அரைத்து யுரேனியத்தைப் பிரித்த பிறகும், அதிலிருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவுச் சேற்றிலேயே தங்கிவிடுகிறது. யுரேனியம் சிதைந்து பிறக்கும் தோரியம்-230, ரேடியம்-226 எல்லாம் அங்கேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. யுரேனியம் காற்றுப்பட்ட நீரில் கரைந்து ஓடும். ஆக்சிஜன் இல்லாத சதுப்புச் சேற்றில் படிந்துவிடும். தோரியம் லேசில் கரையாது. மழை அரித்த மண்ணோடும் புழுதியோடும் நகரும். ரேடியம் உடம்புக்குள் போனால் கால்சியம் போல எலும்பில் சேரும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். அதிலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவுக்கு 3.8 நாள்தான், ஆனால் பூட்டிய வீட்டுக்குள் சேர்ந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. அமெரிக்காவில் நவஹோ என்ற பழங்குடி மக்கள் சுரங்கக் கல்லை எடுத்து வீடே கட்டியிருந்தார்கள். குவாரிக் கல் கிடைத்தால் அஸ்திவாரத்துக்கு அள்ளிவரும் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று புரியும்.

அப்புறம் வரைபடம். கழிவு மேடு, சரிவு, ஓடை, கிணறுகள், காற்றடிக்கும் திசை எல்லாம் அதில் வரட்டும். ஓடையின் வளைவில் வண்டல் ஒதுங்கும் இடத்தைத் தனியாகக் குறியுங்கள். 1979-இல் நியூ மெக்சிகோவின் சர்ச் ராக்கில் கழிவுக் குட்டையின் கரை உடைந்து, 35 கோடி லிட்டருக்கு மேல் கழிவு நீர் ஆற்றில் பாய்ந்தது. நீர் வடிந்துவிடும், வண்டல் தங்கும்.

சுரங்கத்துக்கு மேட்டிலுள்ள ஒரு கிணற்று நீர் கட்டாயம் வேண்டும். நம் கிரானைட் பாறையைப் போல, சுரங்கமே இல்லாத பாறையும் யுரேனியம் விடும். மேட்டுக் கிணற்றை விட்டுவிட்டால் பாறை தந்தது எது, சுரங்கம் தந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

மாதிரி எடுக்கும்போது குழாயில் தேங்கிய பழைய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிடுங்கள். பாட்டிலை அதே நீரில் அலசி, வடிகட்டிப் பிடியுங்கள். யுரேனியம் பாட்டில் சுவரில் ஒட்டாமலிருக்க, ஆசிரியர் கையால் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும். பைகார்பனேட்டுக்கு அமிலம் விடாத வேறு பாட்டில். ரேடானுக்குக் கண்ணாடி பாட்டில்: ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, தாமதிக்காமல் லேபுக்கு அனுப்புங்கள்.

குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். அதற்கு மேலே போனால் முதல் கவலை சிறுநீரகம். கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். ஆர்.ஓ. பிரித்துவிடும். ஆனால் அது வெளியே தள்ளும் நீரில்தான் எல்லாம் சேர்ந்திருக்கும், அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.