பீஸ் ரேட்டும் புதிய இலக்கும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம், "இனி சின்னச் சின்ன ஆர்டர்கள், உயர்ந்த தரம்" என்று முடிவெடுக்கிறது என வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முடிவுதான். ஆனால் தையல்காரருக்குக் கூலி மட்டும் பழையபடி பீஸ் ரேட், அதாவது தைக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் இவ்வளவு என்ற கணக்கு. அவர் எண்ணிக்கையைத்தானே பார்ப்பார்? ஸ்டைல் மாறும் ஒவ்வொரு முறையும் கை பழக நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் காசு இல்லை. சின்ன ஆர்டர் என்றாலே முகம் சுளிப்பார். செக்கிங் மேசையில் பிரித்துத் தைக்க வேண்டியவை குவியும். அவரைத் திட்டிப் பயனில்லை, கோளாறு கூலிக் கணக்கில் இருக்கிறது.

மனிதவளப் பொறுப்பில் இருப்பவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். இந்த ஆண்டு இலக்கை ஒரே வரியில் எழுதுங்கள். எந்த வேலை சொதப்பினால் அந்த வரி கவிழும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மேலாளர் நாற்காலியாக இருக்காது. இங்கே தையல்காரரும், தையல் வரிசையைக் கவனிக்கும் லைன் சூப்பர்வைசரும்தான். அந்த வேலைகளுக்கு மட்டும் ஆளெடுப்பு, பயிற்சி, கூலி மூன்றும் அந்த வரிக்கு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

என்னைக் கேட்டால் கூலியில்தான் தொடங்க வேண்டும். ஸ்டைல் மாறும் நாளில் பீஸ் ரேட்டுக்குப் பதில் நாள்கூலி. முதல் செக்கிங்கிலேயே தேறும் உருப்படிக்குக் கூடுதல் தொகை. ஓவர்லாக், பிளாட்லாக் என்ற இரு வகைத் தையல் இயந்திரங்களையும் ஓட்டத் தெரிந்தவருக்குத் தனிப்படி. முதலில் ஒரே ஒரு லைனில் இரண்டு மாதம் நடத்திப் பாருங்கள். திரும்பி வரும் உருப்படிகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து வைத்தால் போதும்.