இலையான்தானே என்று விடாதீர்கள்: வன்னியில் ஈக்களைப் பதியத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளக்கட்டால் நடக்கும்போது, இலையின்மேல் பச்சைத் தகடுபோல மினுங்கிக்கொண்டு நெட்டைக் காலில் நிற்கும் ஒரு சின்னப் பூச்சியைக் கண்டிருப்பீர்கள். அதுவும் ஈ இனம்தான். தன்னிலும் சிறிய, மெல்லிய உடல் கொண்ட பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நெட்டைக்கால் ஈ. நாங்கள் இலையான், நுளம்பு, கொசு, மாட்டிலையான் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். உலகில் ஈக்களுக்கு 150க்கு மேற்பட்ட குடும்பங்கள், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டங்கள், உண்டு.

ஈக்களைப் பார்த்துப் பதியப் புதிதாகத் தொடங்குவோர் மஞ்சள் கறுப்புக் கோட்டைக் கண்டதும் குளவி என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் சிறகை எண்ணுங்கள். குளவிக்கும் தேனீக்கும் நான்கு, ஈக்கு இரண்டே. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கையில் உடலைச் சமநிலையில் வைப்பவை அவைதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இடத்தையும் நாளையும் ஒழுங்காக எழுதாமை. என் முதல் வருசக் கொப்பியில் 'வன்னி, மார்கழி' என்று மட்டும் இருக்கிறது. இரணைமடு அலைகரையா, முத்தையன்கட்டு வாய்க்காலா என்று இப்போது எனக்கே தெரியாது. படங்கள் நல்ல தெளிவு, ஆனால் பதிவாக ஒன்றுக்கும் உதவாது. அதை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது. எந்தக் குளம், எந்தப் பக்கம், என்ன திகதி, எத்தனை மணி, எதன்மேல் இருந்தது என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். 'எதன்மேல்' என்பது பாதி அடையாளம். சாணத்தின்மேல் சிறகை ஆட்டி ஆட்டி எறும்புபோல நடப்பது ஒரு குடும்பம். நந்திக்கடலோர உப்புச் சேற்றில் மொய்ப்பது இன்னொன்றாக இருக்கலாம். பாகல், பூசணிப் பிஞ்சைக் குத்தி முட்டையிடுவது பழ ஈ. வெறும் மணலுக்குச் சற்று மேலே அசையாமல் பறந்து நிற்கும் மயிர் அடர்ந்த ஈயின் புழுக்களோ பெரும்பாலும் தனித்து வாழும் தேனீ, குளவிகளின் குஞ்சுகளைத் தின்று வளர்பவை.

மேலிருந்து எடுத்த ஒரே படம் போதாது. சிறகு நரம்பு, முகமும் உணர்கொம்பும், பக்கவாட்டு முட்கள் எல்லாம் தெரிய வேண்டும். மாட்டிலையான் சிலவற்றின் கண்ணிலுள்ள வண்ணப் பட்டைகள் செத்துக் காய்ந்ததும் மங்கிவிடும், அதனால் உயிரோடு இருக்கும்போதே எடுங்கள்.

போன் செயலி சொல்லும் இனப்பெயரை அப்படியே எழுதவேண்டாம். பல ஈக்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் இனம் பிரியும். குடும்பப் பெயரோடு நிறுத்தினால் அது குறைவல்ல.

மாதிரி எடுப்பவர்கள் சிறிய ஈயை 70 சதவீத மதுசாரத்தில் போட்டு, விபரத்துண்டைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே இடுங்கள். பேனை மை கரைந்துவிடும். காப்புக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்கக்கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கண்டால், எவ்வளவு அரிய பூச்சி என்றாலும் அந்தப் பலகையைத் தாண்டி ஓரடியும் வைக்கவேண்டாம். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊர்ச்சனத்திடம் கேட்காமல் இறங்கவேண்டாம். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையும் வயல் வரம்பும் வீட்டு வளவும் தொடக்கத்துக்குத் தாராளம். ஒரு காலைப்பொழுது மாட்டுப்பட்டியடியில் குந்தியிருந்து பாருங்கள், கொப்பியில் நாலைந்து குடும்பமாவது ஏறிவிடும்.