வடசென்னையில் வாடகை குறைவு என்று குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

2022 மே மாதம், அண்ணா நகரில் பதினேழாயிரம் ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வியாசர்பாடிக்குக் குடிபோனோம். தரைத்தளத்தில் இரண்டு அறை, வாடகை ஒன்பதாயிரம். பெரியமேட்டில் ஒரு தோல் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த நிறுத்தமே வியாசர்பாடி ஜீவா. வாடகையும் மிச்சம், அலைச்சலும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம்.

வீடு பார்க்கப் போன அன்று ஒன்றைக் கவனித்தோம். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குப் புதிதாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு மேலே பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. இரண்டு நிறம் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று மனைவி சொன்னாள். நானும் தலையாட்டினேன். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் நின்ற உயரத்துக்குத்தான் அந்தப் பச்சை ஏறியிருந்தது என்பது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கட்டில் மிதந்த அன்றுதான் புரிந்தது.

இப்போதும் அதே தெருவில்தான் இருக்கிறோம், வேறு வீட்டில், முதல் மாடியில். இந்த ஏரியாவைப் பற்றிப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. குறைந்த சம்பளத்தில் நகரத்துக்குள்ளேயே வாழ நினைக்கும் குடும்பங்களுக்கு வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை போன்ற இடங்கள்தான் வழி. வருகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு வரவேண்டும் என்பதுதான் என் கவலை.

வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். வேலை நாளில் இரவு பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் இறங்கி, அந்த வீடு வரைக்கும் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, மதுக்கடை வழியில் இருக்கிறதா, அந்த நேரத்தில் பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெண்கள் நடமாட்டம் இருக்கும் தெருவை நம்பலாம் என்பது என் அனுபவம். இன்னொரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய், தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். குழாயில் வருகிறதா, தெருமுனை சிண்டெக்ஸ் தொட்டியில் குடம் வைத்துப் பிடிக்கிறார்களா, அடிபம்ப் முன்னால் எவ்வளவு நீளத்துக்கு வரிசை நிற்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். மெட்ரோ தண்ணீர் வருகிறது என்று தரகர் சொல்வது பொய்யாக இருக்காது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், என்ன நிறத்தில் வருகிறது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

மூக்கும் வேண்டும். எம்.கே.பி. நகர் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் காற்று மாறும் மாலை நேரத்தில் மொட்டை மாடியில் சிறிது நேரம் நிற்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்துகொண்டிருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் புகை நம் படுக்கையறைக்குள் வரும்.

இன்னும் வடக்கே போனால் வாடகை இன்னும் குறையும். மணலி, எண்ணூர் பக்கத்து வாடகையைக் கேட்டால் ஆசை வரும். அங்கே சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலைகளும் வீடுகளுக்கு அருகிலேயே இருக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் மூச்சுத் திணறத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். தலைமுறைகளாக அங்கே வாழும் மீனவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. கைக்குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ வீட்டில் இருந்தால், வாடகையே வேண்டாம் என்றாலும் அங்கே போகாதீர்கள்.

அடுத்தது, வாடகை வித்தியாசம் முழுவதையும் மிச்சம் என்று எழுதிக்கொள்வது. கணக்கு எழுதிப் பிழைக்கும் நானே இதைச் செய்தேன். பதினேழில் ஒன்பது போனால் எட்டாயிரம். ஒரு வருடம் கழித்துச் செலவு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். குடிக்கக் கேன் தண்ணீர் மாதம் ஐந்நூறு. இரவு நேரத்தில் ஆட்டோக்காரர்கள் ஏரியா பெயரைக் கேட்டதும் கேட்கும் கூடுதல் கட்டணம் சேர்ந்து ஆயிரத்து இருநூறு. மகளை அதே பள்ளியில் தொடரவைக்க வேன் கட்டணம் கூடுதலாக ஆயிரம். மின்சாரத்தில் எழுநூறு. எட்டாயிரத்தில் நின்றது நாலாயிரத்து அறுநூறுதான். அதுவும் எங்களுக்குப் பெரிய தொகை. ஆனால் எட்டாயிரத்தை நம்பி ஏலச்சீட்டு போட்டிருந்ததால் முதல் வருடம் திணறிப்போனோம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மீட்டரிலிருந்து நான்கு குடித்தனங்களுக்குச் சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வசூலிக்கும் வீட்டில் அந்தச் சலுகை உங்களை வந்து சேராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மின்வாரிய மீட்டர் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம் மொத்தமாகப் போகும் இடம் போக்கியம். மாத வாடகை இல்லை, ஐந்தாறு லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் இருக்கலாம், போகும்போது முழுப் பணமும் திரும்பி வரும் என்பது கேட்க இனிமையாக இருக்கும். இந்தப் பக்கத்தில் பல குடும்பங்கள் நகையை விற்று, ஊர் நிலத்தை விற்றுப் போக்கியத்துக்கு வருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஆறு லட்சம் கொடுத்து வந்தது. எட்டாவது மாதம் வங்கியிலிருந்து வந்தவர்கள் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் அதற்கு முன்பே அந்த வீட்டின் பேரில் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டிருந்தார். அந்தப் பெண் நோட்டீசைக் கிழிக்கவும் பயந்து, படிக்கவும் தெரியாமல், வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்தது ஒரு முத்திரைத்தாளும் அதில் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் மட்டும்தான்.

வீட்டை அனுபவித்துக்கொள்ளக் கொடுக்கும் போக்கியம் சட்டத்தின் கண்ணில் ஓர் அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய அடமானத்தைப் பதிவு செய்தால்தான் செல்லும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வீட்டுக்காரர் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில். அந்தச் சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அடங்கிய வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மூலப் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். எப்போது கேட்டாலும் ஜெராக்ஸ்தான் வருகிறது என்றால், மூலம் எங்கே என்று கேட்டே ஆகவேண்டும்.

மாத வாடகைக்கு வருகிறவர்களும் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. சண்டை வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. ‘இந்த ஏரியாவில் இதெல்லாம் வழக்கமில்லை’ என்பார்கள். கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

முகவரியை மறைப்பதும் ஒரு தவறு. தரகர்களே இந்த வீடுகளைப் ‘பெரம்பூர் அருகில்’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வங்கியில் கடன் அட்டைக்கு விண்ணப்பித்தபோது, சம்பளச் சான்றெல்லாம் சரியாக இருந்தும், முகவரியைப் பார்த்த அதிகாரியின் முகம் மாறியது. விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்காக உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தால் ஆதார், எரிவாயு இணைப்பு, மகளின் பள்ளிச் சேர்க்கை என்று ஒவ்வொன்றிலும் பொய்யைத் தொடர்ந்திருக்க வேண்டும். மகளும் தன் தெருப் பெயரைச் சொல்ல வெட்கப்படக் கற்றுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் செய்ததிலேயே பெரிய தவறு, கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தது. ‘யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதே, அந்த ஏரியா ஆட்களைத் தெரியாதா’ என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் ஒன்றரை வருடம் அப்படியே இருந்தோம். மாடியில் ஓர் அக்கா குடியிருந்தார், காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போவோம்.

2023 டிசம்பர் 4 அதிகாலை, கழிவறை வழியாகத் தண்ணீர் கொப்பளித்து வந்தது. பத்து நிமிடத்தில் முழங்கால் உயரம். மின்சாரம் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்த அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். “தம்பி, குழந்தையை முதலில் கொடுங்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டீர்களா?” என்றார். அவருடைய மகனும் தெருப் பையன்கள் மூன்று பேரும் எங்கள் பீரோவைப் படியில் ஏற்றினார்கள். யாரைப் பார்த்துப் பயந்து மகளை வாசலில் விளையாட விடாமல் வைத்திருந்தோமோ, அதே பையன்கள். நான்கு நாட்கள் அவர் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிப் போனதால் புளியந்தோப்புப் பக்கம் போகும் வழியும் அடைபட்டிருந்தது.

“கீழ் வீட்டில் தண்ணீர் ஏறும் என்று உங்களுக்குத் தெரியும்தானே அக்கா, சொல்லியிருக்கலாமே?” என்று மனைவி கேட்டாள்.

“நீங்கள் முகம் பார்த்துப் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன் கண்ணு” என்றார்.

இந்த ஏரியாவில் திருட்டும் குடித்துவிட்டு அடித்துக்கொள்வதும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் நண்பரின் செல்போனை பஸ் நிறுத்தத்தில் பறித்துக்கொண்டு ஓடினார்கள். பழைய பகையில் நடக்கும் வெட்டுக்குத்துச் செய்திகளும் வரத்தான் செய்கின்றன. ஆனால் தெருவுக்குத் தெரிந்த முகமாகிவிட்டால், இரவு பதினோரு மணிக்கு வரும் உங்கள் மனைவியைப் பத்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுக்குமாடிக் காவலாளி செய்யாத வேலை அது. பெட்டிக்கடையில் பால் வாங்குங்கள், திருவிழாவுக்கு வரி கொடுங்கள், சாவுக்குப் போய் நில்லுங்கள்.

குழந்தைகளைப் பூட்டிவைக்காதீர்கள். வடசென்னையில் விளையாட்டு இன்னும் தெருவிலேயே கிடைக்கிறது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் காலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளை வந்து பாருங்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். பெரிய நோய் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை பழைய வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கிறது. மிச்சக் கணக்கில் இவற்றையும் எழுதவேண்டும். நான் முதல் வருடம் எழுதவில்லை.

போன மாதம் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி இந்தப் பக்கம் வீடு பார்க்க வேண்டும் என்றான். தரகரிடம் போகுமுன் அந்த அக்காவிடம் அழைத்துப் போனேன். அவர் மாடிப்படிச் சுவரில் கரியால் போட்டு வைத்திருக்கும் மூன்று கோடுகளைக் காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே 2015, கீழே 2021, நடுவில் 2023. மூலையில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் இரண்டு படி உயரம் அதிகம், அங்கே கேட்டுப் பார் என்று சொல்லிவிட்டு, தானே செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.