முதல் இறக்குமதியா? ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட்டில் பில் ஆஃப் என்ட்ரி போடுவது இப்படித்தான்

கஸ்டம்ஸ் ஆபீஸுக்கு நேரில் போய் விளக்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். 2020 ஜூன் 8 முதல் சென்னையிலும் பெங்களூருவிலும் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் (அதிகாரியை நேரில் பார்க்காமல் ஆன்லைனிலேயே நடக்கும் சுங்க மதிப்பீடு) தொடங்கி, அந்த அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. சரக்கு சென்னையில் இறங்கும், ஆனால் உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் படிவம்) பரிசீலிக்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். ஆளைப் பார்த்து வேலை நடப்பதைக் குறைத்த நல்ல மாற்றம் இது, ஆனால் எழுத்தில் கோட்டை விட்டால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

முதல் வேலை, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் ஐஇசி எனும் இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண் எடுப்பது. பான் எண்ணேதான் ஐஇசி எண். ஆண்டுதோறும் ஏப்ரல்–ஜூனில் அதை அப்டேட் செய்யாவிட்டால் முடங்கிவிடும். அப்புறம் சுங்கத்துறையின் ஆன்லைன் தளமான ஐஸ்கேட்டில் பதிவு.

அடுத்ததுதான் முக்கியம்: பொருள் விவரமும் எட்டு இலக்க எச்எஸ் கோடும் (பொருளை வகைப்படுத்தும் எண்). தண்ணீர் பம்ப் என்றால் 8413 என்று தொடங்கும், மோட்டார் மட்டும் தனியாக வந்தால் 8501 என்று தொடங்கும். வெறுமனே "பம்ப்" என்று எழுதினால், பொருளைப் பார்க்காத அதிகாரிக்கு க்வெரி (விளக்கம் கேட்டு அனுப்பும் கேள்வி) போடுவதைத் தவிர வேறு வழியில்லை. எதற்குப் பயன்படுவது, எத்தனை வாட், எதனால் ஆனது, மாடல் எண் என்ன, எல்லாவற்றையும் எழுதுங்கள். கேட்டலாக், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் யாரும் கேட்பதற்கு முன்பே இ-சஞ்சித்தில் (ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றும் சுங்க வசதி) ஏற்றிவிடுங்கள். சிஎச்ஏ (சுங்க ஏஜென்ட்) பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள், உங்கள் பொருள் உங்களுக்குத்தான் தெரியும்.

வரியை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். சரக்கு மதிப்பு (கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து) 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 7.5%, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஜிஎஸ்டி) 18% என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 7,500, அதன் மேல் 10% சமூக நல சர்சார்ஜ் 750, ஆக 1,08,250 மீது ஐஜிஎஸ்டி 19,485. மொத்தம் 27,735 ரூபாய்.

சரி, எப்போது தாக்கல் செய்வது? சுங்கச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட்டாக வேண்டும், அது விடுமுறை நாளாக இருந்தாலும் (பக்கத்து நாடுகள் சிலவற்றிலிருந்து வரும் சரக்குக்குத் தளர்வு உண்டு). தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. 30 நாள் முன்கூட்டியே போடலாம் என்பதால் கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

க்வெரி வந்தால் ஐஸ்கேட்டில் அன்றே பதில் போடுங்கள். மதிப்பீடு முடிந்து வரி கட்டி, பரிசோதனை இருந்தால் அதுவும் முடிந்ததும் அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை எடுத்துப் போகும் அனுமதி) கிடைக்கும்.

வர்த்தக ஒப்பந்தச் சலுகை வரி கேட்கிறீர்கள் என்றால், 2020 செப்டம்பர் 21 முதல் வெறும் ஆரிஜின் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று) போதாது. பொருள் அந்த நாட்டில் எப்படித் தயாரானது என்ற விவரத்தைச் சப்ளையரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே வாங்கி, ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.