சிவன்மலைக் கல்லும் கிரானைட்டும் ஒன்றல்ல: காரப் பாறைகளில் நாம் செய்யும் தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வயலில் கிணறு வெட்டினால் வண்டலும் மணலும்தான் வரும், பாறை தட்டாது. கோயில்களுக்கான கல்லே வெளியூரிலிருந்து வந்ததுதான். அதனால் நமக்குக் கெட்டியாக இருப்பதெல்லாம் கருங்கல். அறுத்துப் பளபளப்பாக்கிவிட்டால் கிரானைட். நிலவியல் படிக்கப் போகும் டெல்டாப் பிள்ளைகள் காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில் சறுக்குவது இந்தப் பழக்கத்தால்தான்.

சிவன்மலை என்றால் பலருக்கும் முருகன் கோயிலும் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியும் நினைவுக்கு வரும். பாறை பார்ப்பவர்களுக்கு அது நெஃபலின் என்ற கனிமம் கொண்ட நெஃபலின் சையனைட் என்னும் காரப் பாறை கிடைக்கும் இடம். நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1901-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். வெளிர்நிறம், பெரிய மணிகள், இடையிடையே கருப்பு என்று தோற்றம் கிரானைட் மாதிரியே இருக்கும். ஆனால் கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் இருந்தே தீரும். நெஃபலின் இருக்கும் பாறையில் அதற்கு இடமே இல்லை. சிலிக்கா போதாத பாறைக் குழம்பில்தான் நெஃபலின் உருவாகும். சிலிக்கா உபரியாக இருந்தால் அதோடு சேர்ந்து ஆல்பைட் என்ற ஃபெல்ட்ஸ்பார் ஆகிவிடும். ஆகவே ஒரே கல்லுக்கு ‘நெஃபலின், குவார்ட்ஸ்’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று தப்பு.

சரி, கண்ணால் எப்படிப் பிரிப்பது? புதிதாக உடைத்த முகத்தில் இரண்டுமே சாம்பல் நிறமாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும். இங்கேதான் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். சுத்தியலால் பழைய மேற்பரப்பைத் தட்டி எறிந்துவிட்டுப் புது முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், எறிந்த அந்தத் துண்டில்தான் விடை இருக்கிறது. வெயிலும் மழையும் நெஃபலினைச் சீக்கிரம் அரித்துவிடும். அது இருந்த இடம் சிறு குழியாகிவிடும், சுற்றியுள்ள ஃபெல்ட்ஸ்பார் மேடாக நிற்கும். குவார்ட்ஸாக இருந்தால் அதுதான் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினாலே தெரியும்.

காரம் என்றதும் களர் நிலத்தை நினைத்துக்கொள்வதும் உண்டு. இங்கே பேச்சு மண்ணின் பிஎச் பற்றியதல்ல. சிலிக்கா, அலுமினா அளவோடு ஒப்பிட்டால் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருப்பது பற்றியது.

பிறப்பைப் பற்றிய தவறு இன்னும் பெரியது. இவ்வளவு காரத் தனிமம் சேர வேண்டுமானால் பூமிக்குள் ஏராளமான பாறை உருகியிருக்கும் என்று நினைக்கிறோம். நேர்மாறு. ஆழத்தில், பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மூடகப் பாறையின் மிகச் சிறு பங்கு மட்டும் உருகும்போதுதான் இப்படிப்பட்ட குழம்பு கிடைக்கிறது. சோடியம், பொட்டாசியம், நியோபியம், அருமண் தனிமங்கள் போன்றவை அங்குள்ள படிகங்களில் சரியாக ஒட்டாதவை. உருகத் தொடங்கியதும் முதலில் அவைதான் இறங்கும். கும்பகோணத்து ஃபில்டரின் முதல் டிகாக்‌ஷன் போல: மேலும் மேலும் தண்ணீர் விட்டால் அளவு கூடும், திடம் போய்விடும். அந்தக் குழம்பும் நேரே நெஃபலின் சையனைட் ஆகிவிடாது. மேலேறும் வழியில் கனமான கனிமங்கள் படிந்து பிரிய, மிஞ்சும் திரவத்தில்தான் காரத் தனிமங்கள் இன்னும் செறிகின்றன. தேர்வுத்தாளில் இந்த இரண்டாம் கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஆசிட் சோதனை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் விட்டால் பொங்கும். காரப் பாறைகளோடு சேர்ந்து கிடைக்கும் கார்பனடைட்டும் பொங்கும், அதிலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இருப்பதால். ஆனால் ஒன்று புதைபடிவங்களோடு கடலில் படிந்தது, மற்றது குழம்பாக வந்தது. அபடைட், மேக்னடைட், பழுப்பு மைக்கா கூடவே கிடந்தால் கார்பனடைட்டைச் சந்தேகிக்கலாம். ஒகேனக்கலில் இருக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் அருவி விழும் பாறையெல்லாம் அதுவென்று நினைக்க வேண்டாம். சார்னோக்கைட் என்ற பழைய பாறையை ஊடுருவிச் சுவர்போல நிற்கும் பைராக்சினைட் என்ற கரும்பாறைக்குள் துண்டுதுண்டாகத்தான் அது கிடக்கிறது. வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேவாத்தூர் கார்பனடைட்டுக்கோ 77 கோடிதான். தமிழ்நாட்டுக் காரப் பாறைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தவை என்று எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கவனிப்பதில்லை.

சிவன்மலைப் பக்கத்து ஓடைத் தண்ணீர் கடைசியில் காவிரிக்குத்தான் வருகிறது. அதனால் கொள்ளிடம் மணலில் நெஃபலின் தேடலாமே என்று தோன்றும். வீண்வேலை, அவ்வளவு தூரம் அது தாங்காது. பூம்புகார்க் கரையில் கருப்பாகப் படியும் கன மணலில் சிர்கான் என்ற கனிமம் கிடைத்தால் உடனே சிவன்மலைக்கு முடிச்சுப் போடுவதும் தப்பு. சார்னோக்கைட்டும் நைஸும் கிரானைட்டும் அதைத் தரும், அவற்றின் பரப்போ பல மடங்கு பெரிது.